பல்லில் பூசிய ஃபுளோரைடு எவ்வளவு பிடிக்கும்?

கேள்வி: எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். மகளுக்கு ஏழு வயது. மகனுக்குப் பதினான்கு வயது, பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறோம். சென்ற மாதம் இருவருக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார்கள். "சின்னவளுக்கு நன்றாகப் பிடிக்கும், இதுதான் சரியான வயது" என்றார் மருத்துவர். பூசுவதற்கு முன் மெஷின் வைத்துச் சுத்தம் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் என் மாமியார் விவரம் தெரியாமல் மகளுக்குச் சூடாகப் பால் கொடுத்துவிட்டார். பூசியதெல்லாம் வீண்தானா? சென்னையில் என் அக்கா மகனுக்குத் தட்டில் ஜெல் வைத்து நான்கு நிமிடம் கடிக்கச் சொன்னார்களாம். எது நல்லது? எங்கள் ஊர்த் தண்ணீரால் என் கணவரின் பல்லில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. ஏற்கெனவே ஃபுளோரைடு அதிகமுள்ள ஊரில் மேலும் ஃபுளோரைடு பூசுவது சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பூசியது வீணாகவில்லை. மாமியாரிடம் வருத்தப்பட வேண்டாம், மறுபடி பூசச் சொல்லி உடனே கிளினிக்குக்குப் போகவும் வேண்டாம். வார்னிஷ் என்பது பைன் மரப் பிசினில் சோடியம் ஃபுளோரைடைக் கலந்து செய்யப்படுவது. உமிழ்நீர் பட்ட சில நொடிகளிலேயே அது இறுகிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சில மணி நேரம் மெல்ல மெல்ல ஃபுளோரைடை விடுவித்துக்கொண்டே இருக்கும். சூடு பட்டால் பிசின் இளகி, ஓரங்களில் கொஞ்சம் கரைந்துபோயிருக்கும். அந்த அளவுக்குப் பலன் குறைந்திருக்கலாமே தவிர, முதல் ஒரு மணி நேரத்தில் பல்லில் படிந்ததைப் பால் திரும்ப எடுத்துவிடாது. அடுத்த முறை நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை சூடான பானமும் முறுக்கு, கடலை போன்ற கடினமான தின்பண்டமும் கொடுக்காமல், ஆறிய தயிர்சாதமோ இட்லியோ கொடுங்கள். அன்றிரவு பல் துலக்காமல் விட்டு, மறுநாள் காலையில் துலக்கினால் போதும்.

"நன்றாகப் பிடிக்கும்" என்று மருத்துவர் சொன்னதன் பொருள் விளங்க, ஃபுளோரைடு பல்லில் எப்படித் தங்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துணியில் சாயம் ஏறுவது போல அது பல்லின் உள்வரை ஊறிவிடும் என்றே பல பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில், பல்லின் வெளிப்புறக் கெட்டி அடுக்கான எனாமல் முழுமையாக முதிர்ந்து ஆரோக்கியமாக இருந்தால், அதில் ஃபுளோரைடு சேர்வது மேற்பரப்பை ஒட்டிய, ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவான ஆழத்தில்தான். அதற்குக் கீழே அளவு சட்டென்று இறங்கிவிடும். வார்னிஷ், ஜெல் போன்ற செறிவான மருந்து படும்போது, ஃபுளோரைடின் ஒரு சிறு பகுதி மட்டுமே எனாமலின் படிகங்களுக்குள் நேரே இடம்பிடிக்கிறது. மிகுதி, பல்லிலும் உமிழ்நீரிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஃபுளோரைடு மணிகளாகப் பல்லின் மேலும் அதன் நுண்துளைகளிலும் படிகிறது.

இந்த மணிகளை, குதிரில் கொட்டிவைத்த கேழ்வரகைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். உமிழ்நீரில் உள்ள பாஸ்பேட்டும் புரதமும் அவற்றின் மேல் மெல்லிய உறையாகப் படிந்து, அவை ஒரேயடியாகக் கரைந்துவிடாமல் காக்கின்றன. குழந்தை இனிப்புச் சாப்பிட்டு, பல்லின் மேல் படிந்த கிருமிகள் அதை அமிலமாக்கும்போது, அந்த உறை தளர்ந்து மணிகள் கரைகின்றன. பல்லுக்கு ஆபத்து வருகிற அதே நேரத்தில், அதே இடத்தில் ஃபுளோரைடு வெளிவருகிறது. எனாமலின் தாதுப்பொருளான ஹைட்ராக்ஸி அப்படைட், அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். ஃபுளோரைடு சேர்ந்த அப்படைட்டோ சுமார் 4.5 வரை தாங்கும். கரைந்த தாது மீண்டும் பல்லில் படியும்போது, அருகில் ஃபுளோரைடு இருந்தால் இந்தத் தாங்கும் வகையாகப் படிகிறது. ஆகவே ஒரு முறை பூசியதில் எவ்வளவு உள்ளே போயிற்று என்பதைவிட, பல்லை ஒட்டி எவ்வளவு காலம் இருப்பில் இருக்கிறது என்பதே பெரிது. முதல் சில நாட்களிலேயே இருப்பில் கணிசமான பகுதி தீர்ந்துபோவதால்தான், ஒரு தடவை பூசியதோடு நிறுத்தாமல், சொத்தை வரும் வாய்ப்பைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பூசுகிறோம்.

உங்கள் மகளின் வயதைப் பற்றி மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி. ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது பல் பார்ப்பதற்கு முழுமையாக இருந்தாலும், அதன் எனாமல் இன்னும் முதிரவில்லை. அதில் நுண்துளைகள் அதிகம். எளிதில் கரையக்கூடிய கார்பனேட்டும் கூடுதலாக இருக்கும். வாய்க்குள் வந்த பிறகு, சுமார் இரண்டு ஆண்டுகளில் உமிழ்நீரிலிருந்து கால்சியம், பாஸ்பேட், ஃபுளோரைடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அது இறுகுகிறது. சொத்தைக்கு எளிதில் ஆளாகிற காலமும் இதுதான், ஃபுளோரைடை அதிகமாக ஏற்றுக்கொள்கிற காலமும் இதுதான். 1940-களில் அமெரிக்காவில் ஜான் நூட்ஸன் 2 சதவீத சோடியம் ஃபுளோரைடு கரைசலைப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பூசும் முறையை வகுத்தபோது, வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை பூசுவதை 3, 7, 11, 13 ஆகிய வயதுகளில் செய்யச் சொன்னார். மூன்று வயதில் பால்பற்கள் முழுவதும் வந்திருக்கும், ஏழில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்களும் முன்பற்களும், பதினொன்றில் முன்கடைவாய்ப்பற்களும், பதின்மூன்றில் இரண்டாம் கடைவாய்ப்பற்களும் வாய்க்குள் புதிதாக நிற்கும். புதுப் பல் ஃபுளோரைடை நன்றாகப் பிடிக்கும் என்பதே அந்த நான்கு வயதுகளுக்குள் இருந்த கணக்கு.

ஏழு வயதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆறு வயதையொட்டி, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் கடைவாய்ப்பல்லைப் பல தாய்மார்கள் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். எந்தப் பல்லும் விழாமல் அது வருவதால் இந்தக் குழப்பம். அது முழுதாக மேலெழும்பி எதிர்ப்பல்லைத் தொடுவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை மற்றப் பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிரஷ் அதைத் தொடாமலே கடந்துபோகும். வார்னிஷ் இந்தப் பல்லின் பக்கவாட்டுப் பரப்புகளை நன்றாகக் காக்கும். ஆனால் மெல்லும் பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களின் அடிவரை அது போய்ச் சேராது. ஃபுளோரைடு எவ்வளவு பிடித்தாலும் அந்தப் பள்ளங்களில் அதன் பலன் குறைவுதான். ஆகவே கடைவாய்ப்பற்கள் நன்கு வெளியே வந்ததும் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் போடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டில் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது.

பல்லின் வயதுக்கு அடுத்து முக்கியமானது மேற்பரப்பின் நிலை. இதை வீட்டிலேயே நீங்கள் பார்க்க முடியும். மகனின் மேல் முன்பல்லை நல்ல வெளிச்சத்தில் சுத்தமான துணியால் துடைத்து, அரை நிமிடம் உதட்டைத் தூக்கிப் பிடித்து உலரவிடுங்கள். ஈரமாக இருந்தபோது பளபளப்பாகத் தெரிந்த பல்லில், கிளிப்பின் ஓரமாகவோ ஈறை ஒட்டியோ, சுண்ணாம்பு பூசியதைப் போல மங்கிய வெள்ளைத் திட்டு மெல்லத் தோன்றினால் அதுதான் சொத்தையின் தொடக்கம். நுண்துளைகளில் இருந்த நீர் போய்க் காற்று நிரம்பும்போது ஒளி வேறு விதமாகச் சிதறுவதால் உலர்ந்த பிறகு அது கண்ணுக்குப் புலப்படுகிறது. கிளினிக்கில் நாங்கள் காற்றுக் குழலால் ஊதிப் பல்லை உலர்த்திப் பார்ப்பதும் இதற்காகத்தான். இப்படித் தாது இழந்த இடம், அதன் பக்கத்திலுள்ள நல்ல எனாமலைவிடப் பல மடங்கு ஃபுளோரைடை வாங்கிக்கொள்ளும். நுண்துளை அதிகமானால் உட்புகும் வழியும் படிகத்தின் பரப்பும் அதிகம். வேர்ப்பகுதி வெளியே தெரியும் முதியவர்களின் பல்லில், எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கு அதிகமாக ஏற்றுக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

அதனால் பதினான்கு வயதாகிவிட்டது, மகனுக்குப் பூசியது வீண் என்று எண்ண வேண்டாம். அவனுடைய முன்பற்கள் முதிர்ந்துவிட்டிருக்கும். ஆனால் பன்னிரண்டு வயதையொட்டி வந்த இரண்டாம் கடைவாய்ப்பற்கள் இன்னும் இளம் பற்களே. கிளிப்பைச் சுற்றி உணவும் காரையும் (பல்லில் படியும் கிருமிப் படிவு) தேங்குவதால் வெள்ளைத் திட்டு விழும் வாய்ப்பும் அவனுக்கு மிகுதி. கிளிப் இருக்கும் காலம் முழுவதும் அவனுக்கு வார்னிஷ் தேவை என்பது என் தெளிவான கருத்து. ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. கிளிப்பைக் கழற்றிய பிறகு முன்பல்லின் முகப்பில் பெரிய வெள்ளைத் திட்டு தெரிந்தால், அதன் மேல் உடனே மிகச் செறிவான ஃபுளோரைடைத் திரும்பத் திரும்பப் பூசக் கூடாது. மேல் அடுக்கு சீக்கிரம் இறுகி மூடிக்கொண்டால், உள்ளே தாது நிரம்ப வழியின்றி வெள்ளை நிறம் அப்படியே தங்கிவிடக்கூடும். அந்த நிலையில் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டும் உமிழ்நீரும் சில மாதங்கள் மெதுவாக வேலை செய்யட்டும் என்று விடுவதே நல்லது. அது திட்டு தோன்றிய பிறகு செய்ய வேண்டியது. வராமல் தடுப்பதற்குச் செறிவான பூச்சுதான் சரி.

மெஷின் வைத்துச் சுத்தம் செய்யாததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் கற்றோம், நுரைக்கல் தூள் கலந்த பசையால் ஒவ்வொரு பல்லையும் மெருகேற்றிய பிறகுதான் ஃபுளோரைடு பூசினோம். பிறகு வந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், அப்படி மெருகேற்றிய குழந்தைகளுக்கும் வெறும் பிரஷ்ஷால் துலக்கிவிட்டுப் பூசிய குழந்தைகளுக்கும் சொத்தைத் தடுப்பில் வேறுபாடு தெரியவில்லை. பல்லின் மேல் படியும் மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தை ஃபுளோரைடு கடந்துவிடும். மெருகேற்றும் பசையோ, ஃபுளோரைடு செறிந்திருக்கும் மேற்பரப்பையே சில மைக்ரான் அளவுக்குத் தேய்த்துவிடுகிறது. தடித்த காரை, உணவுத் துணுக்கு இருந்தால் அகற்ற வேண்டும், அதற்குப் பிரஷ் போதும். அதைவிட முக்கியமானது ஈரம். உமிழ்நீர் நிரம்பிய வாயில் ஜெல்லை வைத்தால் அது நீர்த்துப்போகும். ஆகவே ஜெல்லுக்கு முன் பற்களை நன்றாக உலர்த்த வேண்டும். வார்னிஷுக்குப் பஞ்சால் ஒற்றி எடுத்தாலே போதும்.

இனி உங்கள் அக்கா சொன்ன ஜெல். அது அமிலம் கலந்த பாஸ்பேட் ஃபுளோரைடு ஜெல்லாக இருக்கும். பாஸ்டனில் ஃபின் புருடெவோல்ட் குழுவினர் 1963-இல் வெளியிட்ட முறை அது. அதற்கு முன் இருந்த, அமிலம் கலக்காத நடுநிலைக் கரைசலில் ஒரு தடங்கல் இருந்தது. முதலில் படியும் கால்சியம் ஃபுளோரைடு அடுக்கே அடுத்து வரும் ஃபுளோரைடு உள்ளே போகாமல் வழியை அடைத்தது. பி.எச். அளவை 3-க்கும் 3.5-க்கும் இடையே இறக்கினால், எனாமலின் மேற்பரப்பு சிறிதளவு தளர்ந்து கால்சியம் கிடைப்பதாலும், ஃபுளோரைடு எளிதில் ஊடுருவும் வடிவுக்கு மாறுவதாலும், ஏற்பு வெகுவாகக் கூடுகிறது. உடன் இருக்கும் பாஸ்பேட், பல் கரைந்துபோகாமல் தடுக்கிறது. நான்கு நிமிடத்தில் ஏறும் ஃபுளோரைடில் பெரும்பகுதி முதல் நிமிடத்திலேயே ஏறிவிடுகிறது என்பது ஆய்வகக் கண்டுபிடிப்பு. ஆனால் சொத்தை குறைந்ததாகக் குழந்தைகளிடம் நிறுவப்பட்டது நான்கு நிமிட முறைதான், அதனால் ஒரு நிமிடத்தோடு நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. அதன் பிறகு அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல், குடிக்காமல், வாய் கொப்பளிக்காமல் இருக்க வேண்டும். பீங்கான் உறையோ பல் நிற அடைப்போ உள்ளவர்களுக்கு அந்த அமிலம் அவற்றின் மெருகைக் கெடுக்கும் என்பதால் நடுநிலை ஜெல் தான் ஏற்றது.

செறிவைப் பார்த்தால் வார்னிஷில் 22,600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு), ஜெல்லில் 12,300 பிபிஎம். எண்ணைப் பார்த்து வார்னிஷைக் கண்டு பயப்படுகிறவர்கள் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் வாய்க்கு வார்னிஷ் கால் மில்லிலிட்டர் போதும். அதில் உள்ள மொத்த ஃபுளோரைடு சுமார் 5.6 மில்லிகிராம், அதுவும் பல மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். தட்டுகளில் 5 மில்லிலிட்டர் ஜெல் வைத்தால் அதில் சுமார் 61 மில்லிகிராம் இருக்கிறது. துப்பத் தெரியாத குழந்தை அதில் பாதியை விழுங்கினால்கூட வயிற்றுவலியும் வாந்தியும் வரும். ஆகவே ஆறு வயதுக்குக் கீழ் ஜெல் கூடாது, வார்னிஷ் மட்டுமே. உங்கள் மகள் வயதுக் குழந்தைக்கு, நிமிர்ந்து உட்காரவைத்து, உறிஞ்சு குழாய் வைத்து, முழு நேரமும் அருகில் ஒருவர் நின்று கவனித்தால் ஜெல் வைக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வார்னிஷையே தேர்ந்தெடுப்பேன். வாயில் புண் இருந்தாலோ, ஆஸ்துமா இருந்தாலோ, பிசின் ஒவ்வாமை இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் ஊர்த் தண்ணீர். உங்கள் கணவரின் பல்லில் உள்ள பழுப்புக் கறை, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த சிறு வயதில், நாள்தோறும் குடித்த நீர் வழியாக இரத்தத்தில் சேர்ந்த ஃபுளோரைடால் வந்தது. முளைத்த பல்லின் மேல் வெளியிலிருந்து பூசுவதால் அந்தக் கறை வராது. உங்கள் மகளுக்குச் சிரித்தால் தெரிகிற முன்பற்களின் மகுடப் பகுதி ஏற்கெனவே உருவாகி முடிந்துவிட்டது. எட்டு வயதையொட்டி ஞானப்பல் தவிர மற்றவையும் முடிந்துவிடும். ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு குழந்தை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குடித்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூசும் வார்னிஷில் மொத்தமாக உள்ள அளவு ஃபுளோரைடு, அந்தத் தண்ணீர் வழியாகவே இரண்டே நாளில் வயிற்றுக்குள் போய்விடும். நீங்கள் அஞ்ச வேண்டியது பூச்சைக் கண்டு அல்ல, குடத்தில் இருப்பதைக் கண்டுதான்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை ஏற்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். ஆழ்குழாய் நீரைத்தான் குடிக்கிறீர்கள் என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்ற நம்பிக்கை உங்கள் பகுதியில் பரவலாக இருக்கிறது. அது போகாது. நீர் வற்ற வற்ற மீதியுள்ள நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

மகளின் பல்லில் வெள்ளைக் கோடோ திட்டோ தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கமா, தண்ணீரால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரால் வந்தது பெரும்பாலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்கே மெல்லிய கோடுகளாகவோ மேகம் படர்ந்தது போலவோ இருக்கும். சொத்தையின் தொடக்கம் காரை தங்குகிற இடத்தில், ஈறை ஒட்டிப் பிறைபோல இருக்கும். முதல் வகை இருந்தாலும் பூச்சு தடையில்லை. அத்தகைய பல்லிலும் இனிப்பும் அழுக்கும் சேர்ந்தால் சொத்தை வரும், மேற்பரப்பு பொரிந்து குழி விழுந்த பல்லில் இன்னும் வேகமாக வரும்.

கடைசியாக, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாங்கள் செய்வதைவிட நாளும் இரண்டு வேளை நீங்கள் செய்வதற்குப் பலன் அதிகம். நம் நாட்டு ஃபுளோரைடு பேஸ்ட்டுகளில் சுமார் 1000 பிபிஎம் இருக்கிறது. சுண்ணாம்புத் தூள் கலந்த பேஸ்ட்டில் சாதாரண சோடியம் ஃபுளோரைடைச் சேர்த்தால், டியூபுக்குள்ளேயே அது கால்சியத்தோடு கட்டுண்டு பயனற்றுப்போகும். அதனால் அவற்றில் சோடியம் மோனோ ஃபுளோரோ பாஸ்பேட் என்ற வகையைச் சேர்க்கிறார்கள், அது வாய்க்குள் வந்து உமிழ்நீரின் நொதிகளால் பிரிந்து வேலை செய்கிறது. உறையில் இந்தப் பெயரோ, சிலிக்கா கலந்த பேஸ்ட் என்றால் சோடியம் ஃபுளோரைடு என்ற பெயரோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள், ஆனால் சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து வாய் கொப்பளிக்க விடாதீர்கள். பல்லை ஒட்டி நிற்க வேண்டிய ஃபுளோரைடு அந்தத் தண்ணீரோடு போய்விடும். நம் வீடுகளில் இதைக் கடைப்பிடிப்பது கடினம் என்று தெரிந்தும் ஒவ்வொரு தாயிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். வார்னிஷ் பூசிய அன்றைய இரவு தவிர, இரவு துலக்குவதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு மிகவும் குறைந்துவிடுவதால், அப்போது வாயில் இருக்கும் ஃபுளோரைடு கழுவிச் செல்லப்படாமல் நெடுநேரம் பல்லோடு தங்கும். மாமியார் பேத்திக்கு அன்போடு கொடுக்கும் பாலை இரவு துலக்குவதற்கு முன்பே கொடுத்துவிடட்டும். துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மகளின் நான்கு கடைவாய்ப்பற்களையும் காற்றால் உலர்த்தி உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். பள்ளங்கள் ஆழமாக இருந்தால் அன்றே சீலன்ட் பற்றிப் பேசிவிடலாம்.